ஐம்பத்தாறு பேருக்கு ஒரு லெட்டர்!

ஆபீஸில் கோபம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. வேலை போய்விடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்போம். ''நீயே சொல்லு... இது நியாயமா?'' வீட்டில் இருப்பவர்களும் ''அநியாயம்தான்'' என்பார்கள். அத்தோடு மனசு லேசாகிவிடும். மறுநாள் காலையில் அதே மேனேஜருக்கு 'குட்மார்னிங் சார்!'

டென்மார்க்காரர் ஒருவர், 2013-ம் வருஷம் ஜூன் 6-ம் தேதி, கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார். ஆபீஸ் விஷயத்தில் மனக்குமுறல். நண்பர்கள், தெரிந்தவர்கள் என்று 56 பேருக்கு ஈ-மெயிலில் ஒரு நீளமான லெட்டர் எழுதி அனுப்பினார். அவ்வளவுதான் செய்தது. ஒரே வாரத்தில் அந்த லெட்டர் 'பி.டி.' என்கிற டேனிஷ் பத்திரிகையில் வரி விடாமல் அச்சாகிவிட்டது!

இதில் என்ன பிரமாதம் என்கிறீர்களா? லெட்டர் எழுதியவர் வேலை பார்த்த ஆபீஸ் அப்படி. ஹேக் நகரில் இருந்த முன்னாள் யூகோஸ்லாவியா போர்க்குற்ற கோர்ட். எழுதியவர் அங்கே ஜட்ஜ். பெயர் ஃப்ரெடெரிக் ஹார்ஹாஃப். அந்த லெட்டரால் பத்து வருஷமாகக் கைதில் இருந்த ஒருவரின் வழக்கு திசை மாறியது. தீர்ப்புத் தேதி தள்ளிப் போனது. ஹார்ஹாஃபின் ஜட்ஜ் வேலையும் முடிவுக்கு வந்தது.

யார் இவர்?

ஹார்ஹாஃப் அடிப்படையில் வாத்தியார். சட்டப் பேராசிரியர். க்ரீன்லாந்து, ஃபாரோ தீவுகள் இவற்றுக்கும் டென்மார்க்குக்கும் சட்டப்படி என்ன உறவு என்பதை ஆராய்ந்து 1993-ல் பெரிய புத்தகமே எழுதியவர். பனிக்கட்டித் தீவுகளின் சட்டத்தை அலசிக்கொண்டிருந்த மனிதர், பிறகு போர்க்குற்றச் சட்டத்தின் பக்கம் திரும்பினார். 2007 ஜனவரியில் ஹேக் கோர்ட்டின் ஜட்ஜ் ஆனார். அதிலும் நிரந்தர ஜட்ஜ் இல்லை. குறிப்பிட்ட வழக்குகளை விசாரிப்பதற்கென்று எடுத்துக்கொள்ளப்படும் ஜட்ஜ்.

இந்த கோர்ட்டைப் பற்றி ரெண்டு வார்த்தை. யூகோஸ்லாவியா என்ற தேசம் துண்டு துண்டாக உடைந்தபோது செர்பியர்கள், குரோஷியர்கள், போஸ்னிய முஸ்லிம்கள் என்று ஒருவரை ஒருவர் வெட்டி மாய்த்துக்கொண்டது ஞாபகம் இருக்கலாம். அந்தக் கொடுமைகளை விசாரிக்க ஐ.நா. பாதுகாப்பு சபை 1993 மே மாதம் இந்த கோர்ட்டை உண்டாக்கியது. மொத்தம் 161 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். 2017 டிசம்பர் 31-ல் கடையைக் கட்டும்போது, 'ஆள் அகப்படவில்லை' என்று ஒரு ஃபைல்கூட மிச்சம் இல்லை. இந்த விஷயத்தில் பாராட்டியே ஆகவேண்டும்.

ஹார்ஹாஃப் முதலில் உட்கார்ந்த பெரிய வழக்கு, போஸ்னிய ராணுவத் தளபதி ராசிம் டெலிச் மீதானது. அவர் கையால் யாரையும் அடிக்கவில்லை. அவருக்குக் கீழே இருந்த ஒரு படைப்பிரிவு கைதிகளைக் கொடுமைப்படுத்தியது. 'கீழே இருப்பவன் செய்த அக்கிரமத்தைத் தடுக்காத, தண்டிக்காத தளபதியும் குற்றவாளியே' என்பது போர்க்குற்றச் சட்டம். 2008 செப்டம்பரில் டெலிச்சுக்கு 3 வருஷம் கிடைத்தது. மூன்று ஜட்ஜுகளில் இரண்டு பேர் 'குற்றவாளி' என்றார்கள். ஒருவர் 'இல்லை' என்றார். 'குற்றவாளி' என்றவர்களில் ஹார்ஹாஃபும் ஒருவர். 'இல்லை' என்றவர் தென்னாப்பிரிக்க ஜட்ஜ் மொலோட்டோ. இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பின்பாதியில் வருவார்.

மூணு அடி

2012 நவம்பர் வரைக்கும் எல்லாம் ஒரு திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஆறரை மாசத்துக்குள் மூன்று தீர்ப்புகள் வந்தன.

முதலாவது, குரோஷியத் தளபதி அன்டே கோட்டோவினா வழக்கு. 1995 ஆகஸ்டில் குரோஷிய ராணுவம் செர்பியர்கள் வாழ்ந்த பகுதிக்குள் புகுந்தது. ஊர்களின் மீது குண்டு வீசி ஜனங்களை ஓடவைத்தார் என்று 2011-ல் கீழ்பெஞ்ச் அவருக்கு 24 வருஷம் கொடுத்தது. கூட இருந்த மார்காச்சுக்கு 18 வருஷம். கீழ்பெஞ்ச் ஒரு அளவுகோல் வைத்திருந்தது: ராணுவ இலக்கிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் விழுந்த குண்டு, ஜனங்களைக் குறிவைத்துப் போட்டது! 'இந்த 200 மீட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது?' என்று அப்பீல் பெஞ்ச் கேட்டது. அளவுகோல் செல்லாது என்று ஐந்து ஜட்ஜுகளுமே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதற்காக ஆளை விடுதலை செய்யலாமா என்றபோது 3-க்கு 2 என்று பிரிந்தார்கள். 2012 நவம்பர் 16-ல் இருவரும் விடுதலை. அன்றைக்கே விமானத்தில் ஊருக்குப் போய்விட்டார்கள். ஸாக்ரெப் நகரமே திரண்டு வரவேற்றது.

இரண்டாவது, யூகோஸ்லாவிய ராணுவத்தின் தலைமைத் தளபதி மொம்சிலோ பெரிஷிச். போஸ்னியாவில் சண்டை போட்ட செர்பியப் படைக்கு ஆளும் ஆயுதமும் பணமும் கொடுத்தவர். கீழ்பெஞ்ச் 27 வருஷம் கொடுத்திருந்தது. 2013 பிப்ரவரி 28-ல் அப்பீலில் விடுதலை. காரணம்? உதவி செய்தார் என்பது மட்டும் போதாது. அந்த உதவி குறிப்பாகக் குற்றங்களை நோக்கியே செய்யப்பட்டது என்று நிரூபிக்க வேண்டுமாம். 'நான் சண்டைக்குத்தான் துப்பாக்கி கொடுத்தேன், கொலைக்குக் கொடுக்கவில்லை' என்று எந்தத் தளபதியும் சொல்லித் தப்பிக்கலாமே என்று சட்ட உலகம் தலையில் கைவைத்தது. ஐந்து பேரில் ஒரே ஒரு ஜட்ஜ், சீனாவின் லியு டாசுன், 'இந்தப் புது நிபந்தனை தப்பு' என்று தனியாக எழுதினார். இவரையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, செர்பிய ரகசியப் போலீஸின் தலைவர் யோவிட்சா ஸ்டானிஷிச்சும் அவருடைய சகா சிமாடோவிச்சும். 2013 மே 30-ல் கீழ்பெஞ்சே பெரிஷிச் வழக்கின் நிபந்தனையைச் சுட்டிக்காட்டி இருவரையும் விட்டுவிட்டது.

(இந்த ஸ்டானிஷிச் வேறு. அதே 2013 மார்ச் 27-ல் ஹார்ஹாஃப் உட்கார்ந்திருந்த பெஞ்ச், போஸ்னிய செர்பியர்களின் உள்துறை மந்திரி மிச்சோ ஸ்டானிஷிச்சுக்கும் போலீஸ் அதிகாரி ஷுப்லியானினுக்கும் தலைக்கு 22 வருஷம் கொடுத்தது. நம் ஊரைப் போல இனிஷியலைப் பார்த்துத்தான் ஆளைப் பிரிக்க வேண்டும்!)

யோசித்துப் பாருங்கள். தான் மார்ச்சில் தண்டித்த மாதிரியான ஆட்களைப் பக்கத்து பெஞ்ச் மே மாதம் விடுதலை செய்கிறது. ஒரே கட்டடம், ஒரே சட்டம். ஏழாவது நாள் ஹார்ஹாஃப் லெட்டர் எழுத உட்கார்ந்தார்.

அப்படி என்னதான் எழுதினார்?

சாராம்சம் இதுதான். இத்தனை வருஷமாக, கீழே இருப்பவர்கள் செய்த குற்றத்துக்கு மேலே இருக்கும் தளபதிகளைப் பொறுப்பாக்குவதே இந்த கோர்ட்டின் வழக்கமாக இருந்தது. திடீரென்று அது மாறிவிட்டது. ஏன்? அமெரிக்கா, இஸ்ரேல் போன்ற நாடுகளின் ராணுவங்கள் 'நாளைக்கு நம் தளபதிகளுக்கும் இதே கதிதான்' என்று பயந்திருக்குமோ? கோர்ட்டின் தலைவரான அமெரிக்க ஜட்ஜ் தியோடர் மெரோனுக்கு அங்கிருந்து நெருக்குதல் வந்திருக்குமோ? அவர் மற்ற ஜட்ஜுகளை நெருக்கினாரோ? இதையெல்லாம் நினைத்தால் தொழில் ரீதியிலும் மனசாட்சிப்படியும் பெரிய தர்மசங்கடமாக இருக்கிறது என்று முடித்திருந்தார்.

ஆதாரம்? லெட்டரில் ஒன்றும் இல்லை. எல்லாம் 'இருக்குமோ... இருக்கலாமோ...'தான்.

மெரோனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்பது நியாயம் இல்லையே. போலந்தில் பிறந்து, சின்னப் பையனாக நாஜிகளின் கொடுமையில் சிக்கிப் பிழைத்தவர். பிறகு இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர். 1967-ல், 'போரில் பிடித்த இடத்தில் நம் ஜனங்களைக் குடியேற்றுவது ஜெனீவா ஒப்பந்தத்துக்கு விரோதம்' என்று தன் சொந்த அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்தவர். தலையாட்டும் ஆசாமி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடக்கூடிய பேர்வழி இல்லை.

சும்மா இருப்பாரா ஷெஷெல்?

லெட்டரைப் படித்த உலகம், மெரோன் பதில் சொல்வாரா என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அதை வேறு ஒருவர் ரொம்ப உன்னிப்பாகப் படித்தார். கோர்ட்டின் காவலில் இருந்தபடியே!

அவர் வோயிஸ்லாவ் ஷெஷெல். செர்பிய தீவிர தேசியவாதக் கட்சியின் தலைவர். சட்டம் படித்தவர். ஆவேசப் பேச்சால் ஜனங்களைத் தூண்டிவிட்டார் என்பது வழக்கு. 2003 பிப்ரவரியில் தானாகவே வந்து சரணடைந்தார். வக்கீல் வேண்டாம், நானே வாதாடுவேன் என்று உண்ணாவிரதம் இருந்து சாதித்தவர். ரகசிய சாட்சிகளின் விவரங்களை வெளியிட்டதற்காக கோர்ட் அவமதிப்பில் மூன்று தடவை தண்டனை வாங்கியவர். ஜட்ஜுகளுக்கே தலைவலி கொடுக்கும் கைதி.

2007 நவம்பரில் ஆரம்பித்த அந்த வழக்கை விசாரித்த மூவர்: பிரான்சின் அன்டோனெட்டி, இத்தாலியின் லத்தான்ஸி அம்மையார், மூன்றாவது நம் ஹார்ஹாஃப்! வாதங்கள் எல்லாம் 2012 மார்ச்சிலேயே முடிந்துவிட்டன. அரசுத் தரப்பு 28 வருஷம் கேட்டிருந்தது. 2013 அக்டோபர் 30-ல் தீர்ப்பு என்று நாள் குறித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முகூர்த்தம் வைத்து, பத்திரிகை அடித்து, பந்தலும் போட்ட பிறகு...

''தண்டிப்பதுதான் வழக்கம் என்று நம்புகிற ஜட்ஜ், என்னை மட்டும் எப்படி நடுநிலையோடு பார்ப்பார்? இவரை நீக்குங்கள்!'' என்று ஜூலையில் மனு போட்டார் ஷெஷெல்.

லெட்டரில் தன் பெயர் இருப்பதால் மெரோன் ஒதுங்கிக்கொண்டார். துணைத் தலைவர் மூன்று ஜட்ஜுகளை நியமித்தார். யார் யார் என்று பாருங்கள். தலைமை, மொலோட்டோ. டெலிச் வழக்கில் ஹார்ஹாஃபோடு ஒத்துப்போகாத அதே மொலோட்டோ. இரண்டாவது, பஹாமாஸின் பர்ட்டன் ஹால். மார்ச்சில் 22 வருஷத் தண்டனை கொடுத்த பெஞ்சில் ஹார்ஹாஃபுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். மூன்றாவது, சீன ஜட்ஜ் லியு.

ஆகஸ்ட் 28-ல் முடிவு வந்தது. 2-க்கு 1. சாட்சியத்தைப் பார்க்காமலே தண்டிக்கும் பக்கம் சாய்கிறவர் என்ற தோற்றத்தை லெட்டர் உண்டாக்குகிறது. ஆகவே ஹார்ஹாஃப் விலக வேண்டும் என்றார்கள் மொலோட்டோவும் ஹாலும். லியு ஒத்துக்கொள்ளவில்லை. லெட்டரை முழுசாகப் படித்தால் அப்படித் தோன்றாது என்றார். அரசுத் தரப்பு மறுபடி பரிசீலிக்கச் சொல்லிக் கேட்டது. அக்டோபரில் அதுவும் தள்ளுபடி.

காபி வேண்டாம் சார்!

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம். நான் பி.காம். படித்துவிட்டுக் கொஞ்ச காலம் ஒரு ஆடிட்டரிடம் எடுபிடியாக இருந்தேன். கணக்குப் பார்க்கப் போகிற கம்பெனியில் பெரியவர் சாப்பாடு என்ன, ஒரு வாய் காபிகூடக் குடிக்கமாட்டார். கூடப் போகிற எனக்கும் கிடையாது! ''ஒரு காபிக்காக நீங்க கணக்கை மாத்தவா போறீங்க சார்?'' என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். ''நான் மாத்தமாட்டேன்னு எனக்குத் தெரியும்டா. பாக்கறவனுக்குத் தெரியுமா?'' என்றார்.

கோர்ட்டிலும் அதே சட்டம்தான். 1923-ல் இங்கிலாந்தில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் மீது வழக்கு. விபத்தில் மாட்டியவர். தண்டனையும் கொடுத்தாயிற்று. பிறகுதான் தெரிந்தது, மாஜிஸ்டிரேட்டுகளோடு உள் அறைக்குப் போன குமாஸ்தா, எதிர்த் தரப்புக்கு ஆஜரான வக்கீல் கம்பெனியைச் சேர்ந்தவர் என்று. அந்தக் குமாஸ்தா வாயே திறக்கவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மேல்கோர்ட் தண்டனையை ரத்து செய்தது. நியாயம் நடந்தால் மட்டும் போதாது, நடந்ததாகக் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பது அந்த வழக்கில் வேரூன்றியதுதான்.

அந்தக் கணக்கில் பார்த்தால் ஹார்ஹாஃப் செய்தது தப்பு. கையில் ஒரு வழக்கின் தீர்ப்பை வைத்துக்கொண்டு, 56 பேருக்கு மனசைத் திறந்து காட்டியது பெரிய தப்பு. இரண்டு பேருக்கு மேல் தெரிந்தால் ரகசியம் இல்லை என்பார்கள். ஐம்பத்தாறு பேர் என்பது ஒரு கல்யாணப் பந்தி!

பிறகு நடந்தது

ஹார்ஹாஃப் இடத்துக்கு செனகல் நாட்டின் மாண்டியாயே நியாங் வந்தார். ஆறு வருஷ வழக்கின் ஆயிரக்கணக்கான பக்கங்களை முதலிலிருந்து படிக்க வேண்டும். சாட்சி கூண்டில் நின்று தழுதழுத்ததை நேரில் பார்த்த ஜட்ஜ் போய்விட்டார். ரெக்கார்டில் பார்க்கும் ஜட்ஜ் வந்திருக்கிறார். தீர்ப்பு ஒத்திப்போடப்பட்டது. இதற்குள் ஷெஷெலுக்குப் புற்றுநோய். கிட்டத்தட்ட 12 வருஷம் தீர்ப்பே இல்லாமல் காவலில் இருந்தவர், 2014 நவம்பரில் தற்காலிகமாக வெளியே வந்தார். ஊருக்குப் போய் மறுபடி மேடை ஏறினார்.

2016 மார்ச் 31-ல் தீர்ப்பு: எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுதலை! அன்டோனெட்டியும் புதியவர் நியாங்கும் ஒரு பக்கம். லத்தான்ஸி அம்மையார் பெரும்பாலான விஷயங்களில் கடுமையாக மறுத்து எழுதினார். ஹார்ஹாஃப் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் கணக்கு எப்படி இருந்திருக்கும்? யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வி எழாமலும் இருக்காது.

கதை அத்தோடும் நிற்கவில்லை. 2018 ஏப்ரல் 11-ல் அப்பீலில் அந்த விடுதலையில் ஒரு பகுதி ரத்தானது. 1992 மே 6-ல், செர்பியாவின் ஹர்ட்கோவ்ட்சி என்ற கிராமத்தில் ஷெஷெல் பேசிய ஒரு பேச்சு. குரோஷியர்களை வெளியேற்றத் தூண்டிய பேச்சு. அதைக் கேட்ட பிறகு, தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் வீடு வாசலை விட்டுக் கிளம்பின. அதற்காக 10 வருஷ தண்டனை. ஏற்கெனவே உள்ளே இருந்த காலமே அதிகம் என்பதால் திரும்பப் போக வேண்டியதில்லை! வீட்டை விட்டு ஓடியவர்களுக்கு 'உங்களுக்கு நடந்தது குற்றம்தான்' என்ற ஒரு வரி கிடைக்க 26 வருஷம் ஆனது.

சரி, சட்ட விஷயத்தில் ஹார்ஹாஃப் சொன்னது என்ன ஆயிற்று? இங்கேதான் வேடிக்கை. 2014 ஜனவரியில் இன்னொரு வழக்கில், அதே கோர்ட்டின் அப்பீல் பெஞ்ச், 'குறிப்பாகக் குற்றத்தை நோக்கியே உதவி செய்திருக்க வேண்டும்' என்ற அந்த நிபந்தனை தப்பு என்று தூக்கி எறிந்தது. 2015 டிசம்பரில் யோவிட்சா ஸ்டானிஷிச், சிமாடோவிச் விடுதலை ரத்தாகி மறுவிசாரணை. 2021-ல் ஆளுக்கு 12 வருஷம். 2023 மே 31-ல் அது 15 ஆக உயர்ந்தது. லெட்டர் எழுதத் தூண்டிய தீர்ப்பு, எழுதிக் கிட்டத்தட்டப் பத்து வருஷத்தில் தலைகீழாகிவிட்டது.

மிச்சோ ஸ்டானிஷிச்சும் ஷுப்லியானினும் 'ஹார்ஹாஃப் ஒருதலைப்பட்சம், எங்கள் தண்டனையும் செல்லாது' என்று அப்பீலில் வாதாடினார்கள். 2016 ஜூனில் அது நிராகரிக்கப்பட்டு, 22 வருஷமும் உறுதியானது. பெரிஷிச் மட்டும் தப்பினார். சட்டம் மாறிய பிறகு அவர் வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்டபோது, முடிந்தது முடிந்ததுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது ஐந்தொகை போட்டுப் பார்ப்போம். வரவுப் பக்கம்: சட்டம் தடம் மாறுகிறது என்று ஹார்ஹாஃப் பட்ட கவலையில் பாதிக்கு மேல் சரி. செலவுப் பக்கம்: ஆதாரம் இல்லாமல் சக ஜட்ஜுகள் மேல் சந்தேகம், ஒரு ஜட்ஜ் பதவி, வருஷக்கணக்கில் தள்ளிப்போன ஒரு தீர்ப்பு. அந்தத் தாமதத்தைச் சுமந்தவர் அவர் மட்டும் இல்லை. ஒரு பக்கம் தீர்ப்பில்லாமல் காவலில் இருந்த கைதி, இன்னொரு பக்கம் வீட்டைப் பறிகொடுத்துக் காத்திருந்த கிராமத்து ஜனங்கள்.

அவர் மட்டும் அன்றைக்கு லெட்டரை எழுதிவிட்டு, அனுப்பாமல் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தால்? தன் கருத்தை 2013 அக்டோபர் தீர்ப்பில், சட்டக் காரணங்களோடு, லியு எழுதினாரே அந்த மாதிரி எழுதியிருக்கலாம். ஜட்ஜுக்குக் கோபம் வந்தால் கொட்டுவதற்கென்றே சட்டம் ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில், 'மாறுபட்ட கருத்து' என்ற தலைப்பில்.

எங்கள் பெரியவரை நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அந்தக் காபியின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. பிரமாதமான காபியாகத்தான் இருந்திருக்கும். குடிக்காமல் வந்ததில் இப்போது எனக்கு வருத்தம் இல்லை.